வருத்துவதிலிருந்து வருந்துவது வரை: ‘கிரீவ்’ என்ற ஆங்கில வினைச்சொல்

திங்கட்கிழமை காலையில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்கும் கூட்டத்தைப் பலரும் பார்த்திருப்போம். பட்டா மாறவில்லை, முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டது, தெருக்குழாயில் தண்ணீர் வருவதில்லை என்று ஆளுக்கொரு குறை. அரசு அறிவிப்பில் அது ‘மக்கள் குறைதீர்க்கும் நாள்’; ஆபீஸ் பேச்சில் ‘கிரீவன்ஸ் டே’. அதே ஊர் அரசு மருத்துவமனையில், அடிதடியில் பல் உடைந்து வந்தவருக்கு டாக்டர் காயச் சான்றிதழ் எழுதுகிறார். அதில் ‘கிரீவஸ்’ என்று குறித்தால் போலீஸ் போடும் வழக்கின் பிரிவே மாறிவிடும். அப்புறம், ஆங்கிலப் பேப்பரில் ஒரு விபத்துச் செய்தி. இறந்தவரின் குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்போது ‘கிரீவிங்’ என்று எழுதியிருக்கிறார்கள்.

ஓரிடத்தில் குறை, ஓரிடத்தில் காயம், ஓரிடத்தில் துக்கம். மூன்று சொல்லும் ஒரே வினைச்சொல்லின் வீட்டுப் பிள்ளைகள். அந்த வினைச்சொல் ‘கிரீவ்’. இன்றைக்கு அகராதியைத் திறந்தால் ‘இழப்பை நினைத்துத் துயரப்படு’ என்பதுதான் முதலில் நிற்கும். ஆனால் ஆங்கிலத்துக்குள் வந்த புதிதில் அதன் முக்கியமான வேலை அதுவல்ல. அப்போது அது அடுத்தவரை வருத்தும் சொல்லாக இருந்தது.

முதலில் பிறந்த இடம். லத்தீனில் ‘கிராவிஸ்’ என்றால் கனமானது. அதிலிருந்து ‘கிராவாரே’ என்று ஒரு வினை: கனமாக்கு, பாரம் ஏற்று, நெருக்கு. பேச்சு லத்தீன் மெல்ல மெல்லப் பிரெஞ்சாக மாறியபோது இந்த வினை ‘கிரெவெர்’ ஆனது. நடுவிலிருந்த ‘ரா’ எப்படி ‘ரெ’ ஆயிற்று என்பதற்கு மொழியறிஞர்கள் சொல்லும் காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். லத்தீனில் கனத்துக்கு எதிர்ப்பதம் ‘லெவிஸ்’, அதாவது லேசானது. எதிர்ப்பதங்களை மக்கள் ஜோடியாகவே பேசுவார்கள். பேசிப் பேசி ஒன்றின் ஓசை மற்றொன்றில் ஒட்டிக்கொள்ளும். ‘லெவிஸ்’ பக்கத்திலேயே இருந்ததால் ‘கிராவிஸ்’ பேச்சில் ‘கிரெவிஸ்’ ஆகிவிட்டது.

இந்த ஜோடியின் உறவுக்காரர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். லத்தீனும் சமஸ்கிருதமும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்து மொழிகள். ‘கிராவிஸ்’ கிளைத்த அதே வேரிலிருந்து வந்ததுதான் சமஸ்கிருத ‘குரு’. அதன் முதற்பொருளும் கனமானது என்பதே. மதிப்பில் கனமானவர் என்ற வழியில்தான் ஆசிரியர் குருவானார். ‘லெவிஸ்’ஸுக்கு உறவு ‘லகு’. கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்குத் தாளத்தின் அங்கங்களில் லகுவும் குருவும் பழக்கம். லகுவுக்கு அளவு குறைவு, குருவுக்குக் கூடுதல். ரோமில் பேச்சுவழக்கில் ஒட்டிக்கொண்டு திரிந்த அந்த இரண்டு சொற்களின் ஒன்றுவிட்ட சகோதரர்கள் இங்கே தாளக் கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். காற்றின் அழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டரின் ‘பாரோ’வும் அதே வேர்தான், கிரேக்கம் வழியாக வந்தது. (நாம் சொல்லும் ‘பாரம்’ இதோடு சேராது. அது ‘சும’ என்ற பொருள் கொண்ட வேறொரு சமஸ்கிருத வேர்.)

சரி, பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்துக்கு எப்படிப் போனது? 1066இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அரண்மனையும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின. வரி, வழக்கு, தண்டனை பற்றிய சொற்கள் கும்பல் கும்பலாக ஆங்கிலத்தில் இறங்கின. ‘கிரீவ்’ ஆங்கிலத்தில் தென்படத் தொடங்குவது 1200ஐ ஒட்டிய காலத்தில். அதிகாரத்தின் மொழியிலிருந்து வந்த சொல் என்பதை மனதில் வையுங்கள். கலெக்டர் ஆபீஸுக்கு அது எப்படி வந்தது என்பது அப்போதுதான் விளங்கும்.

இங்கே நம் பள்ளி இலக்கணம் கை கொடுக்கிறது. வருந்து, வருத்து. திருந்து, திருத்து. முதலாவது தன்வினை, இரண்டாவது பிறவினை. அவன் வருந்தினான் என்றால் துன்பம் அவனுக்கு. அவன் வருத்தினான் என்றால் துன்பம் அடுத்தவனுக்கு. ஓர் எழுத்தில் ஆளே மாறிவிடுகிறது. அந்தக் காலத்து ‘கிரீவ்’ முழுக்க முழுக்க ‘வருத்து’ பக்கத்துச் சொல். வரி குடிகளைக் கிரீவ் செய்யும். எதிரி ஊரைக் கிரீவ் செய்வான். வெயில் வழிப்போக்கனைக் கிரீவ் செய்யும். பழைய காயம் வீரனைக் கிரீவ் செய்யும். எழுவாயாக நிற்பது துன்பம் தருவது. மனிதன் நிற்பது செயப்படுபொருளாக, அடி வாங்கும் இடத்தில்.

இன்றைய ஆங்கிலத்தில் இந்த வாக்கியம் அப்படியே திரும்பிவிட்டது. மனிதன் எழுவாய், அவன்தான் கிரீவ் செய்கிறான். தமிழில் ‘த்து’ ‘ந்து’ ஆனால்தான் இந்த மாற்றம் நடக்கும், கண்ணுக்கும் தெரியும். ஆங்கிலத்தில் சொல்லின் உருவம் மாறவே இல்லை. உள்ளே பொருள் மட்டும் இடம் மாறிக்கொண்டது. அதனால்தான் பழைய ஆங்கிலத்தைப் படிக்கிறவர்கள் இந்தச் சொல்லில் அடிக்கடி தடுக்கி விழுகிறார்கள்.

வருத்தம் என்பது உடம்பையும் சேர்த்துத்தான் என்பதற்கு ஷேக்ஸ்பியரிடம் ஒரு நல்ல சாட்சி உண்டு. நான்காம் ஹென்றி பற்றிய முதல் நாடகம், 1598இல் அச்சானது. போர்க்களத்துக்கு முன் ஃபால்ஸ்டாஃப் என்ற பருத்த உடம்புக்காரர், மானம் மரியாதை என்று உயிரை விடுவானேன் என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறார். மானம் ஒடிந்த காலை ஒட்டவைக்குமா? வைக்காது. கையை? வைக்காது. காயத்தின் ‘கிரீஃப்’ஐப் போக்குமா? போக்காது. ‘கிரீவ்’ வினையின் பெயர்ச்சொல்தான் ‘கிரீஃப்’; இந்த இடத்தில் அது துக்கம் அல்ல, புண்ணின் வலி. 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் காலத்து பைபிள் மொழிபெயர்ப்பிலும் இதைப் பார்க்கலாம். ஏசாயா 53ஆம் அதிகாரத்தில் நோய்களைக் குறிக்கும் எபிரேயச் சொல்லுக்கு அவர்கள் போட்ட ஆங்கிலச் சொல் ‘கிரீஃப்’தான். இன்று அதைப் படிக்கும் ஆங்கிலேயருக்கு மனத்துயரம் மட்டுமே காதில் விழும்.

இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு இது விநோதமாகத் தோன்றாது. யாழ்ப்பாணத்தில் ‘அவருக்கு வருத்தம்’ என்றால் அவர் நோயாய் இருக்கிறார். வருத்தக்காரர் என்றால் நோயாளி. சென்னையில் இதைக் கேட்பவர் அவருக்கு யார் மேலோ கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். உடம்பு நோவுக்கும் மன நோவுக்கும் ஒரே சொல் போதும் என்றிருந்த நிலையை யாழ்ப்பாணத்தார் இன்னும் விடவில்லை. ஆங்கிலம் விட்டுவிட்டது.

பைபிளில் இன்னோர் இடம், எபேசியர் 4:30. அதே 1611 மொழிபெயர்ப்பு அங்கே ‘கிரீவ்’ என்ற வினையைப் பரிசுத்த ஆவியைச் செயப்படுபொருளாக வைத்துப் பயன்படுத்துகிறது. வெறும் இன்றைய ஆங்கில அறிவோடு படித்தால், ஆவிக்காக அழாதீர்கள் என்று சொல்வதுபோல இருக்கும். தமிழ் பைபிளில் குழப்பமே இல்லை: ‘துக்கப்படுத்தாதிருங்கள்’. படு அல்ல, படுத்து. பிறவினை பளிச்சென்று நிற்கிறது. பழைய ஆங்கில வாக்கியத்தைப் புரிந்துகொள்ள ஓர் ஆங்கில மாணவரைவிட ஒரு தமிழ் மாணவருக்கு வழி சுலபம் என்பதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

அப்படியானால் அந்தத் திருப்பம் எப்படி நடந்தது? இது ‘கிரீவ்’ ஒன்றுக்கு மட்டும் நடந்ததல்ல. நாம் எனக்குப் பிடிக்கிறது, எனக்கு வலிக்கிறது, எனக்கு வருத்தமாக இருக்கிறது என்கிறோம். உணர்வு எழுவாய், அதை அனுபவிப்பவர் ‘கு’ உருபோடு பக்கத்தில் நிற்கிறார். பழைய ஆங்கிலத்திலும் கிட்டத்தட்ட இதே அமைப்பு இருந்தது. ‘லைக்’ என்ற சொல்லுக்கு அன்று இன்பம் தருவது என்று பொருள். பேரிக்காய் எனக்கு இன்பம் தருகிறது என்றுதான் வாக்கியம் அமையும். ஆங்கிலத்தில் வேற்றுமை உருபுகள் உதிர்ந்துபோய், வினைக்கு முன்னால் நிற்பவரே எழுவாய் என்ற ஒழுங்கு இறுகியபோது, இந்த வகை வினைகள் பலவற்றில் அனுபவிப்பவர் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டார். பேரிக்காய் பின்னால் போய்விட்டது. ‘கிரீவ்’இலும் அதே போக்கு. அது என்னை வருத்துகிறது என்பதோடு, நான் வருந்துகிறேன் என்ற பயன்பாடும் இடைக்கால ஆங்கிலத்தின் பிற்பகுதிக்குள் வந்துவிட்டது. பல நூறு ஆண்டுகள் இரண்டும் சேர்ந்தே ஓடின. இன்று முதலாவது சம்பிரதாயமான கடிதங்களிலும் பேச்சுகளிலும் மட்டும் தலைகாட்டுகிறது.

இதில் ஏதோ ஒன்று கைநழுவியது என்று எனக்குப் படுகிறது. துக்கம் வெளியிலிருந்து வந்து மேலே இறங்குகிற ஒன்று என்பதைப் பழைய வாக்கியம் ஒளிக்காமல் சொன்னது. மக்பெத் நாடகத்தில் மனைவி மக்கள் எல்லாரும் கொலையுண்ட செய்தி கேட்டு வாயடைத்து நிற்கும் மக்டஃபிடம், துயரத்துக்குச் சொல் கொடு என்கிறான் மால்கம். பேசாத துயரம், பாரம் மிஞ்சிய நெஞ்சோடு கிசுகிசுத்து அதை உடைத்துவிடும் என்பது அவன் வார்த்தை. நெஞ்சுக்கு அங்கே அவன் தரும் அடைமொழி, கொள்ளளவுக்கு மேல் சரக்கு ஏற்றியது என்ற பொருள் கொண்டது. லத்தீன்காரன் சொன்ன அந்த எடை 1600களின் தொடக்கத்திலும் நெஞ்சின்மேல்தான் இருக்கிறது.

பிரெஞ்சுச் சொல் வருவதற்கு முன்பு ஆங்கிலேயர் துக்கப்படவில்லையா என்றால், தாராளமாகப் பட்டார்கள். ‘மோர்ன்’, ‘சாரோ’, ‘வீப்’ எல்லாம் சொந்தச் சரக்கு. ‘கேர்’ என்ற சொல்லே முதலில் துயரம், கவலை என்றுதான் பொருள்பட்டது. கவலைப்படுவது பிறகு கவனித்துக்கொள்வதாக மாறியது. ‘பிரீவ்’ என்பதற்குக் கொள்ளையடி என்று பொருள். அதனால் ‘பிரீவ்டு’ என்றால் பறிகொடுத்தவர். மகனைப் பறிகொடுத்தார் என்று நாமும் எழுதுகிறோம். இவற்றுக்கு நடுவில் வந்து சேர்ந்த ‘கிரீவ்’ நாளடைவில் மனதுக்குள் நடப்பதற்கான சொல்லாகவும், ‘மோர்ன்’ கறுப்பு உடை, சடங்கு, அரசு அறிவிக்கும் துக்க நாட்கள் போன்ற வெளிப்புறத் துக்கத்தையும் சுமக்கும் சொல்லாகவும் ஓரளவு பிரிந்துகொண்டன. பேச்சில் இந்த வேலி அவ்வளவு கறாரானது அல்ல.

இனி கலெக்டர் ஆபீஸுக்கு வருவோம். வருத்து என்ற பழைய பொருள் சாகவில்லை. சட்டத்துக்குள்ளும் நிர்வாகத்துக்குள்ளும் போய்க் குடியேறியது. ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் படைகள் பார்க்க நாம் சண்டை போட வேண்டாம், என் கூடாரத்துக்கு வந்து உன் ‘கிரீஃப்’களையெல்லாம் விரிவாகச் சொல், கேட்கிறேன் என்று காசியஸிடம் புரூட்டஸ் சொல்கிறார். காசியஸ் அழ வரவில்லை, குறை சொல்ல வந்திருக்கிறார். மனு வாங்கும் அதிகாரியின் தொனி புரூட்டஸின் குரலில் கேட்கிறது. பிறகு இந்தப் பொருள் முழுவதையும் ‘கிரீவன்ஸ்’ எடுத்துக்கொண்டது. 1791இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தத்தில், குறைகளைத் தீர்க்கும்படி அரசிடம் மனு செய்யும் உரிமை என்ற இடத்தில் இந்தச் சொல் இருக்கிறது. நம் திங்கட்கிழமை மனுக்களும் அதே அர்த்தத்தில்தான். ஒருவர் ‘கிரீவன்ஸ்’ கொடுக்கிறார் என்றால், என்மேல் ஒரு பாரம் ஏற்றப்பட்டிருக்கிறது, ஏற்றியவர் இறக்குங்கள் என்று கேட்கிறார் என்று பொருள். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதிக்கப்பட்ட பெண்ணைக் குறிக்கும் ‘அக்ரீவ்டு பெர்சன்’ என்பதும் இந்தக் கிளைதான்.

‘கிரீவஸ்’ வந்த வழி இன்னும் நேரானது. மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் வரைவு செய்து, 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 320ஆவது பிரிவு, எதெல்லாம் ‘கிரீவஸ் ஹர்ட்’, அதாவது கொடுங்காயம், என்று எட்டு வகை சொன்னது. ஒரு கண் பார்வை நிரந்தரமாகப் போவது, ஒரு காது கேளாமல் போவது, முகம் நிரந்தரமாகச் சிதைவது, எலும்பு முறிவது என்று போகும் பட்டியலில் பல்லும் உண்டு. கடைசி வகை: உயிருக்கு ஆபத்தான காயம், அல்லது 20 நாள் கடும் வலியில் தள்ளுகிற அல்லது அன்றாட வேலை செய்யவிடாத காயம். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆவது பிரிவு அந்த 20 நாளை 15 ஆக்கியது. சொல் அப்படியே இருக்கிறது. முகத்தில் ரத்தம் வழிய நிற்பவரின் காயம் சாதாரணம் என்றும், உடைந்த ஒற்றைப் பல் கொடுங்காயம் என்றும் சான்றிதழில் வருவது இதனால்தான். வலியின் அளவைச் சட்டம் எடைபோடும் தராசில் இன்றும் அந்த லத்தீன் கல்தான் கிடக்கிறது.

பிரெஞ்சில் கதை வேறு மாதிரி முடிந்தது. அங்கே இன்று ‘கிரீஃப்’ என எழுதப்படும் சொல்லுக்குக் குறை, புகார் என்பதே பொருள். துக்கத்துக்கு வேறு சொற்கள் இருக்கின்றன. ஒரே சொல்லைப் பங்கு போட்டதில் இங்கிலாந்துக்குக் கண்ணீரும் பிரான்சுக்கு மனுவும் போய்ச் சேர்ந்தன.

20ஆம் நூற்றாண்டில் ‘கிரீவ்’ இன்னொரு முறை புரண்டது. 1917இல் ஃபிராய்டு துக்கத்தை மனம் செய்யும் ஒரு வேலையாக விளக்கினார். 1942 நவம்பர் 28 அன்று பாஸ்டன் நகரத்தில் கோகோநட் குரோவ் என்ற இரவு விடுதியில் தீப்பிடித்து 492 பேர் இறந்தார்கள். அதில் உற்றவரை இழந்தவர்கள் உட்படப் பலரிடம் பேசிய மனநல மருத்துவர் எரிக் லிண்டெமன் 1944இல் ஒரு கட்டுரை எழுதினார். துக்கம் அலை அலையாக வருவதையும், தொண்டை அடைப்பதையும், பெருமூச்சையும், வயிறு காலியாக இருப்பதுபோன்ற உணர்வையும் வரிசையாகப் பதிவு செய்தார். மாடிப்படி ஏற முடியவில்லை, எதைத் தூக்கினாலும் கனமாக இருக்கிறது என்று துக்கத்தில் இருந்தவர்கள் சொன்னதும் அதில் இருக்கிறது. அவர்களில் யாரும் லத்தீன் வேர்ச்சொல்லை நினைத்துப் பேசியிருக்க மாட்டார்கள். உடம்பு சொன்னதைச் சொன்னார்கள்.

அதன் பிறகு 1969இல் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து நிலைகளைச் சொன்னார். அவர் பேசியது சாவை எதிர்நோக்கி இருந்த நோயாளிகளைப் பற்றி. மக்கள் அதை எடுத்து, இருப்பவர்களின் துக்கத்துக்கு வாய்பாடாக்கிவிட்டார்கள். இப்படியாக ‘கிரீவிங்’ என்பது தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு செய்முறை என்ற எண்ணம் பேச்சில் பரவியது. நன்றாகச் செய்யலாம், அரைகுறையாகச் செய்யலாம், காலத்தோடு முடிக்காமல் இழுக்கலாம். 2022இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் நீடித்த துக்கத்தை ஒரு கோளாறாகத் தன் கையேட்டில் சேர்த்தது. பெரியவர்களுக்கு இழப்பு நேர்ந்து குறைந்தது 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அது 6 மாதம். எழுந்து நடமாடவே முடியாமல் கிடப்பவருக்குச் சிகிச்சை கிடைக்க இது உதவும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வருத்தப்பட்டவரையே வேலையாள் ஆக்கி, வேலை முடிந்ததா என்று கேட்கும் தொனி அந்த வினைச்சொல்லில் ஏறிவிட்டது. அது எனக்கு உறுத்துகிறது.

இப்போது இன்னொரு பயன்பாடும் பெருகி வருகிறது. முன்பெல்லாம் பொதுவாக அம்மாவுக்காகக் கிரீவ் செய்கிறேன் என்றுதான் ‘ஃபார்’ அல்லது ‘ஓவர்’ சேர்த்து எழுதுவார்கள். இன்று நடுவில் ஒன்றும் இல்லாமல், அம்மாவைக் கிரீவ் செய்கிறேன் என்கிறார்கள். முழுக்கப் புதியது அல்ல, பழைய கவிதைகளில் அங்கங்கே உண்டு. ஆனால் அன்றாட எழுத்தில் இவ்வளவு தாராளமாக வருவது அண்மைப் பழக்கம். 1200இல் ஒரு மனிதரைக் கிரீவ் செய்தான் என்றால் அவரைத் துன்புறுத்தினான் என்று பொருள். இன்று அவரை இழந்து தவிக்கிறான் என்று பொருள். வாக்கியத்தின் எலும்புக்கூடு ஒன்றுதான். வடஅமெரிக்கத் தொழிற்சங்கங்களில் மூன்றாவது ஒன்று கேட்கலாம்: என் சஸ்பென்ஷனைக் கிரீவ் செய்யப்போகிறேன். அங்கே அழுகை இல்லை, அந்த உத்தரவை எதிர்த்து முறையீடு போடப்போகிறேன் என்று பொருள். கனடாவில் முறையீடு செய்தவரைத் தீர்ப்புகளில் ‘கிரீவர்’ என்றே எழுதுகிறார்கள்.

வீட்டில் பிள்ளைகள் மைன்கிராஃப்ட் ஆடினால் ‘கிரீஃபர்’ என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். மற்றவர் பாடுபட்டுக் கட்டிய வீட்டை வேண்டுமென்றே இடிப்பவன், ஆட்டத்தைக் கெடுப்பதற்கென்றே வருபவன். ‘அவன் என் வீட்டை கிரீஃப் பண்ணிட்டான்’ என்று பத்து வயதுப் பையன் கத்தும்போது, பெயர்ச்சொல்லையே வினையாக்கிச் சொல்கிறான். துன்பம் கொடுப்பவன் எழுவாய், வாங்குவது செயப்படுபொருள். எண்ணூறு ஆண்டு பழைய அமைப்பு, இணைய விளையாட்டுகளின் வழியே 1990களின் இறுதியில் மறுபடி முளைத்தது.

புதிதாக ஆங்கிலம் எழுதுகிறவர்கள் கவனிக்க இரண்டொரு இடம் உண்டு. இரங்கல் செய்தியில் ‘கிரீவன்ஸ்’ என்று எழுதிவிடாதீர்கள். இறந்தவர் வீட்டாரிடம் புகார் கொடுத்ததாகிவிடும். அங்கே வேண்டியது ‘கிரீஃப்’. கல்லறையைக் குறிக்கும் ‘கிரேவ்’ இந்தக் குடும்பம் அல்ல, அது ‘தோண்டு’ என்ற பொருள் கொண்ட பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. நிலைமை கடுமையாக இருக்கிறது என்னும்போது வரும் ‘கிரேவ்’ மட்டும் ‘கிராவிஸ்’ வழி வந்த சொந்தம். அதேபோல ‘சாரி’யும் ‘சாரோ’வும் ஒரே வேர் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, ‘சாரி’ வந்தது ‘சோர்’ என்ற புண்ணிலிருந்து.